சொல்லை மாற்றிவிட்டு விகுதியை மறப்பது: நாகரிகப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தீபாவளியன்று சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லாருக்கும் இலை போட்டு முடித்ததும் பெரியப்பா அடுக்களைப் பக்கம் பார்த்து, "வேலைக்காரப் பொண்ணு சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்த வீட்டில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் பெண்ணைப் பற்றிய கேள்வி அது. பேத்தி உடனே குறுக்கிட்டாள்: "தாத்தா, அப்படிச் சொல்லக்கூடாது. ஹெல்ப்பர்னு சொல்லணும்." பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து அதே பேத்தி அறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஹெல்ப்பர் எங்க போனா? என் சட்டைய அயர்ன் பண்ணச் சொன்னேனே!"

அன்றாடப் பேச்சில் அரசியல் சரித்தன்மை, அதாவது எவரையும் புண்படுத்தாத சொல்லையே ஆள வேண்டும் என்ற நெறி, எல்லை மீறிவிட்டதா என்ற வாக்குவாதத்தில் நாம் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். பெயர்ச்சொல்லை மட்டும் திருத்திவிட்டு, மரியாதை முழுவதும் அதிலேயே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் வினைச்சொல் யாரையும் உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. எனவே அங்கே சண்டை பெயர்ச்சொல்லைச் சுற்றியே நடக்கிறது. தமிழிலோ "சாப்பிட்டாங்களா" என்பதற்கும் "எங்க போனா" என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தப் புதிய பெயராலும் நிரப்ப முடியாது. (அண்ணன் மகள் என்பதால் நானும் "குறுக்கிட்டாள்" என்றுதான் எழுதுகிறேன். உரிமையும் மரியாதைக் குறைவும் ஒரே விகுதியில் குடியிருக்கும் மொழி இது. எது எங்கே பொருந்தும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.) "வேலைக்காரி" என்ற சொல்லைக் கைவிட வேண்டியதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "பணிப்பெண்" என்று எழுதிவிட்டு "வந்தாள், போனாள்" என்று தொடர்பவர், பெரியப்பாவைத் திருத்தும் தகுதியை இன்னும் பெறவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான நோய் என்று ஒதுக்குவது அடுத்த தவறு. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நேர்ச்சொல்லை விட்டுத் தகுந்த வேறு சொல்லை ஆளும் முறைக்குத் தகுதி வழக்கு என்று பெயரிட்டு, இடக்கரடக்கல், மங்கலம், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி என்ற மூன்றைச் சொல்கிறது. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதும், இறந்தவரை "இறைவனடி சேர்ந்தார்" என்பதும் அந்த மரபின்படிதான். ஒருவரைப் பன்மையில் குறிப்பது இலக்கண நெறியன்று என்றாலும் வழக்கில் உயர்வு கருதி வருவது என்று அதற்கும் முன்பே தொல்காப்பியம் ஒப்புக்கொண்டது. "அவர்" என்ற சொல் ஆணா பெண்ணா என்று காட்டாமலே மரியாதை தருவதால், பிரதிப்பெயர் பற்றி ஆங்கிலத்தில் நடக்கும் சச்சரவில் பெரும்பகுதி நமக்குத் தேவைப்படாமலே போகிறது.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. இன்றைய சூலியா ஸ்திரீட்டுக்குக் குடியேற்றக் காலத்தில் கிளிங் ஸ்திரீட் என்று பெயர். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்த, தென்னிந்தியரைக் குறித்த, தொடக்கத்தில் எந்த இழிவும் இல்லாத அந்தச் சொல், துறைமுகக் கூலிகளையும் சுமை தூக்குவோரையும் அதட்டி அழைக்கும் வாய்களில் புழங்கிப் புழங்கி வசைச்சொல்லாயிற்று. 1920களில் தெருவின் பெயர் மாறியது. அதே வேர்ச்சொல்லைத் தாங்கிய பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதே பெயரோடு நிற்கிறது. பள்ளிவாசலின் பெயரில் வரலாறாக இருக்கும் சொல், பேருந்தில் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டால் அவமதிப்பாகிறது. ஆகவே, சொல்லின் மூலப்பொருளைக் காட்டி "இதில் என்ன தவறு?" என்று வாதிடுவதையும் தவிர்க்க வேண்டும், சொல் பிறந்த இடத்தைவிட அது யார் வாயில் எதற்காக வளர்ந்தது என்பதே முக்கியம்.

நம்மைப் பிறர் அப்படி அழைத்தால் கொதிக்கும் நாம், வங்காளதேசத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவரை "பங்ளா" என்றும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவரை "ஊர்க்காரன்" என்றும் கூசாமல் சொல்கிறோம். இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மறுபக்கத்துத் தவறு. புதிய சொல் கிடைத்தவுடன் பழையதைச் சொன்னவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்று தீர்ப்பளிக்கிறோம். அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான மைண்ட்ஸ் அமைப்பு 1962இல் தொடங்கப்பட்டபோது அதன் ஆங்கிலப் பெயரில் "ரிட்டார்டட்" என்ற சொல் இருந்தது. இன்று அதைக் கேட்டாலே முகம் சுளிப்போம். ஆனால் அதற்கு முன்பு மருத்துவர்களே பயன்படுத்திய, முட்டாள் என்ற பொருளுக்குத் தேய்ந்துபோன சொற்களுக்கு மாற்றாக, கண்ணியம் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட சொல் அது. பள்ளிக்கூட மைதானங்களில் அதுவும் வசையானது. 1985இல் அமைப்பு பெயரை மாற்றிக்கொண்டது. பிள்ளைகளைப் பற்றிய எண்ணம் மாறாதவரை எந்தப் புதுச்சொல்லும் இதே வழியில் அழுக்காகும். ஆகவே புதுச்சொல் வேண்டாம் என்பதல்ல. அது வேலையின் பாதிதான்.

மொழிபெயர்த்த சொல்லைக் கேள்வியின்றி ஏற்பதிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் "ஊனமுற்றோர்" என்பதற்கு மாற்றாக வந்த "மாற்றுத்திறனாளி" பலருக்கு உண்மையான மதிப்பைத் தந்தது. ஆனால் அதற்கு இணையான "டிஃபரன்ட்லி ஏபிள்ட்" என்ற ஆங்கிலச் சொற்றொடரை உடற்குறையுள்ளவர்களிலேயே பலர் விரும்புவதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வேண்டியது சரிவுப்பாதை, தமக்கு ஏதோ மாற்றுத் திறன் இருப்பதாகப் பாராட்டு அன்று என்கிறார்கள். இங்கே செய்தித்தாள்களில் "உடற்குறையுள்ளோர்" என்ற நேர்ச்சொல்லே மிகுதியாக வழங்குகிறது. எது சரி என்று நாம் மேசையைத் தட்டுவதற்கு முன், எதிரில் இருப்பவரிடம் கேட்டுவிடலாம்.

சட்டத்தையும் நாகரிகத்தையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி, இனிக் கிண்டல் செய்தாலே சிறை என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அச்சட்டம் முக்கியமாகப் பார்ப்பது இனங்களுக்கிடையே பகை மூட்டும் செயல்களை. குற்றம் புரிந்தவர் வழக்குக்குப் பதிலாகத் தாம் புண்படுத்திய சமூகத்தைப் பற்றிக் கற்கவும் அதில் இடமிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் தவறிவிழும் சொற்களைத் திருத்த வேண்டியவர்கள் நாமேதான்.

அந்தத் திருத்தத்தைச் சபை நடுவே செய்வது கடைசித் தவறு. பெரியப்பாவின் எதிர்வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம் இருக்கிறது. முன்பு கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலேறி வந்ததால் பஞ்சாபியர்களுக்கு இங்கே "வங்காளி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். முதியவர்கள் அதைப் பழக்கத்தில் சொல்கிறார்களே தவிர இழிவாக நினைத்துச் சொல்வதில்லை. குறுக்கிடாமல், அடுத்த வாக்கியத்தில் "மிஸ்டர் சிங்" என்று நாம் தொடர்ந்தால் போதும். அதைத்தான் நான் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பெரியப்பா இன்னும் "வங்காளி" என்றுதான் சொல்கிறார். "வங்காளி வந்தாரு, பலகாரம் குடுத்து அனுப்பு" என்கிறார்.