க்ளப்போடு முதல் ரைடு: கடைசி வண்டியை முதலில் பாருங்கள்

பைக் க்ளப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என் வண்டி போதுமா, இத்தனை சிசி இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களா" என்பதுதான். வண்டியை விடுங்கள், பார்க்கவேண்டியது க்ளப்பை. அதிலும் ஒரே ஒரு விஷயம் போதும்: ரைடில் கடைசியாக வருகிறவரை, அதாவது புதிதாகச் சேர்ந்தவரை, மெதுவாக ஓட்டுகிறவரை, அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

பணம் கட்டி டி-ஷர்ட் வாங்குவதற்கு முன் ஒரு சந்திப்புக்குச் சும்மா போய் நில்லுங்கள். பேச்சு முழுக்க யார் எவ்வளவு வேகம் தொட்டார்கள் என்பதைச் சுற்றியே ஓடினால், நீங்கள் பின்தங்கும்போது திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கூச்சப்படாமல் நேராகவே கேளுங்கள், "வழியில் ஒருத்தருக்குப் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள், கடைசியில் யார் வருவார்கள்?" என்று. தயங்காமல் பதில் வந்தால் அங்கே ஒழுங்கு இருக்கிறது. இன்னொன்று, சாதாரண ரைடிங் க்ளப் வேறு, முதுகில் பேட்ச் தைத்த பழைய பாணி மோட்டார்சைக்கிள் க்ளப் வேறு. அங்கே அந்தச் சின்னத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது, உடன் இருந்து சம்பாதிக்கவேண்டும். அழகாக இருக்கிறதே என்று கண்ட பேட்சையும் வாங்கித் தைத்துக்கொண்டு போகாதீர்கள், வீண் வம்பு வரும்.

கிளம்புவதற்கு முன்

வண்டியை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். காலையில் கூடும் இடத்தில் வைத்து செயினை இறுக்க ஆரம்பித்தால் மொத்தக் கூட்டமும் உங்களுக்காக நிற்கும். டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும், ஓடிச் சூடான டயர் அதிகமாகக் காட்டும். டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு மாதிரி தேய்மானக் குறி இருக்கும், ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அந்த டயரோடு நீண்ட ரைடுக்கு வராதீர்கள். அப்புறம் செயின் தளர்வு, பிரேக் பேட், எல்லா விளக்குகளும், முக்கியமாகப் பிரேக் விளக்கு. பின்னால் வருகிறவர் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. டேங்க் நிரப்பிக்கொண்டே வந்து சேருங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் பேரம் வேண்டாம். உள்ளே இருக்கிற கெட்டி நுரை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, ஒரு முறை நசுங்கினால் மீண்டும் எழாது. அதனால் ஒரு பலத்த அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், அதோடு சரி.

கிளம்பும் முன் லீட் ரைடர், அதாவது முன்னால் போய்க் குழுவை நடத்துகிறவர், ஐந்து நிமிடம் பேசுவார்: வழி, நிறுத்தங்கள், சைகைகள், யார் ஸ்வீப் (யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு கடைசியில் வருகிறவர்). அந்த நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். புதியவர் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். நல்ல லீட் உங்களைக் கடைசியில் விடமாட்டார், தனக்குப் பின்னால் இரண்டாவது இடத்தில் வைத்துக்கொள்வார். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வரிசை, இடைவெளி

நேரான, நல்ல சாலையில் குழு மாற்று வரிசையில் போகும். லீட் தன் பாதையில் சாலையின் நடுக்கோட்டுப் பக்கமாக, அடுத்தவர் ஓரப் பக்கமாக, மூன்றாமவர் மறுபடி நடுக்கோட்டுப் பக்கமாக. உங்களுக்குக் குறுக்காக முன்னால் இருப்பவரிடமிருந்து குறைந்தது 1 விநாடி, நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து குறைந்தது 2 விநாடி இடைவெளி. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ண ஆரம்பியுங்கள், 2 விநாடி முடிவதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறீர்கள் என்பதை நினைவில் வைத்தால், ஒட்டி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று புரியும். இரண்டு வண்டி பக்கம் பக்கமாகப் போவது படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் சாலையில் ஒரு குழி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. மாற்று வரிசையின் பயனே அந்த ஒதுங்கும் இடம்தான்.

வளைவு, மழை, மோசமான சாலை, குறுகிய பாலம், எது வந்தாலும் ஒற்றை வரிசைக்கு மாறுங்கள். லீட் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டுவார், காட்ட மறந்தாலும் நீங்கள் மாறுங்கள். வளைவில் முழுப் பாதையும் உங்களுக்கு வேண்டும்.

சரி, புதியவரை ஏன் முன்னால் வைக்கிறார்கள்? வரிசை ரப்பர் மாதிரி இழுபடும். லீட் ஒரு வளைவில் வேகத்தைக் குறைக்கிறார், பின்னால் ஒவ்வொருவரும் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் அதிகமாகக் குறைக்கிறார்கள். வளைவு முடிந்து லீட் வேகமெடுக்கும்போது கடைசி வண்டி இன்னும் வளைவுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் முன்னால் யாரும் இல்லை, பதறி முறுக்குவார். முன்னால் 60-இல் நிதானமாகப் போகிற குழுவில் கடைசி ஆள் 80-இல் துரத்திக்கொண்டிருப்பது இப்படித்தான். அனுபவம் குறைந்தவரைக் கடைசியில் விடுவது என்றால், குழுவிலேயே கடினமான வேலையை அவர் தலையில் கட்டுவது என்று பொருள். இரண்டாவது இடத்தில் அவர் இருந்தால் லீட் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வேகத்தை வைத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வண்டி வந்தால் ஒரே வரிசையாகப் போகாமல் 5 முதல் 7 வண்டி கொண்ட சிறு குழுக்களாகப் பிரிவதும் இதற்காகத்தான். ஒவ்வொரு குழுவுக்கும் தனி லீட், தனி ஸ்வீப் இருக்கவேண்டும்.

துரத்த வேண்டிய தேவையே இல்லாமல் செய்ய ஓர் அருமையான முறை உண்டு. திருப்பம் வந்ததும் லீடுக்கு அடுத்து வருகிறவர், எல்லோர் கண்ணிலும் படும்படி பாதுகாப்பான ஓர் இடத்தில் நின்றுவிடுவார். வருகிற ஒவ்வொருவருக்கும் கை காட்டித் திருப்பிவிடுவார், ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இதில் யாரும் வழி தவற மாட்டார்கள், முன்வண்டி கண்ணில் படவில்லையே என்ற பதற்றமும் போய்விடும். ஒரே நிபந்தனை, நின்றவர் ஸ்வீப்பைக் கண்ணால் பார்க்காமல் நகரக்கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும். புதியவர் லீடுக்குப் பின்னாலேயே இருக்கவேண்டும் என்றால், நிற்கிற வேலையை மூன்றாமவரிலிருந்து தொடங்குவார்கள்.

சைகைகள் க்ளப்புக்குக் க்ளப் மாறும், அன்றைக்கு லீட் சொல்வதுதான் கணக்கு. குழி, மணல் இருந்தால் இடப்பக்கம் என்றால் இடக்கையாலும், வலப்பக்கம் என்றால் வலக்காலை நீட்டியும் காட்டுவார்கள், வலக்கை ஆக்சிலரேட்டர் முறுக்கில் இருப்பதால். பார்த்ததைப் பின்னால் கடத்துங்கள்.

உங்கள் தலைக்கு நீங்களே பொறுப்பு

முன்னால் போனவர் லாரியை முந்திவிட்டார் என்பது உங்களுக்கான அனுமதி இல்லை. அவர் பார்த்த இடைவெளி அவரோடு முடிந்துபோயிற்று, எதிரே வருவதை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். முந்தி முடித்தவர் உடனே வேகத்தைக் குறைக்காமல், பின்னால் வருகிறவர் உள்ளே வர இடம் விட்டுப் போகவேண்டும்.

சாலைச் சந்திப்புகளிலும் இதே கதை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட ஹர்ட் அறிக்கையில், வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, எதிர்த்தரப்பு வாகனம் பைக்குக்கு விடவேண்டிய வழியை விடாததால் நடந்தவை. கூட்டமாகப் போவதால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். முதல் மூன்று வண்டிகளைப் பார்த்துக் காத்திருந்த கார் ஓட்டுநர், குழு முடிந்தது என்று நினைத்து நான்காவதற்கு முன்னால் திரும்புவார்.

அதே அறிக்கையில் இன்னொரு தகவல், விபத்தில் சிக்கிய ரைடர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள், தானாகவோ நண்பர்கள், குடும்பத்தாரிடமோ கற்றுக்கொண்டவர்கள். ஆகவே அவ்வப்போது காலி மைதானத்தில் திடீர் பிரேக் பிடிக்கவும், மெதுவாக எட்டு போடவும், தடையைச் சுற்றி ஒதுங்கவும் பழக வைக்கிற க்ளப் கிடைத்தால் அதை விடாதீர்கள். மாதத்துக்கு ஒரு பெரிய ரைடைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

வேகம் உங்களுக்குக் கட்டுப்படவில்லை என்றால் குறைத்துவிடுங்கள், அடுத்த நிறுத்தத்தில் லீடிடம் சொல்லுங்கள். வளைவில் பயம் வந்தால் தடுப்புச் சுவரைப் பார்க்காமல், வெளியேறும் இடத்தைப் பாருங்கள். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

ஏதாவது நடந்துவிட்டால்

ஒரு வண்டி நின்றுவிட்டால் ஸ்வீப் மட்டும் அதோடு நிற்கவேண்டும், மற்றவர்கள் அடுத்த பாதுகாப்பான இடத்தில் காத்திருக்கவேண்டும். பத்து பேரும் சாலையோரத்தில் கூடினால் இரண்டாவது விபத்துக்கு அழைப்பு. யாராவது விழுந்துவிட்டால் முதலில் வருகிற வாகனங்களைத் தடுக்க ஓர் ஆள், அவசர உதவியை அழைக்க ஓர் ஆள், அடிபட்டவருடன் ஓர் ஆள் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள், "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தினால் யாரும் பண்ணமாட்டார்கள். கழுத்தில் அடி இருக்கலாம் என்பதால் மூச்சு நன்றாக இருக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், எழுப்பி உட்காரவைக்கவும் வேண்டாம். ஒவ்வொருவர் ஜாக்கெட்டிலும் பெயர், ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, வீட்டு போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். இதெல்லாம் போனில் மட்டும் இருந்தால், போன் பூட்டியிருக்கும்போது உதவாது.

ரைடு இல்லாத நாட்களில் க்ளப் என்பது பெரும்பாலும் கணக்கும் பேச்சும்தான். பொதுப்பணத்தை யார் வைத்திருக்கிறார்கள், எதற்குச் செலவானது என்று எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் பாதிச் சண்டை வராது. யாராவது ஆபத்தாக ஓட்டினால் எல்லோர் முன்னாலும் திட்டாமல், வண்டியை நிறுத்தியதும் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். திரும்பவும் செய்தால் அவரை அனுப்பிவிடத் தயங்கவேண்டாம், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும்.

கொஞ்சம் பழகியபின் லீட் பண்ண ஆசை வரும். அதற்கு முன்னால் ஸ்வீப் கேட்டு வாங்குங்கள். பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி, கூடுதல் க்ளட்ச் கேபிள் உங்களிடம் இருக்கும், எத்தனை வண்டி கிளம்பியதோ அத்தனையும் எண்ணிச் சேர்க்கவேண்டும், பின்தங்குகிறவரை முடுக்காமல் அவர் வேகத்திலேயே வரவேண்டும். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும். அதைப் பார்த்துப் பழகியவர் லீட் எடுக்கும்போது, வளைவு முடிந்ததும் உடனே முறுக்காமல், கடைசி விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை அதே வேகத்தில் போவார்.