ஊருக்குப் போகும்போது தோள் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

"எப்படியும் ஊருக்குப் போகிறேன், அப்படியே இந்தத் தோளையும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிடலாமா?" வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நிபுணரைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு, நான்கு வார விடுமுறையில் காரியம் முடிந்துவிடும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம். அதற்குப் பிந்திய வேலை ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் எங்கே, யார் துணையோடு இருக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால், தோளில் என்ன கோளாறு என்று தெரிய வேண்டும். கீழே விழுந்தோ பாரம் தூக்கியோ சட்டென்று கையை உயர்த்த முடியாமல் போயிருந்தால் பயணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. என் அண்ணா படியில் சறுக்கியபோது கைப்பிடியை எட்டிப் பிடித்தார். மறுநாள் கை எழும்பவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்ததால், எட்டு மாதம் கழித்து வரும் விடுமுறையில் ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தோள் தசையை எலும்போடு இணைக்கும் ஜவ்வு கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். அவர் எம்ஆர்ஐ எடுத்த நேரத்தில், கிழிந்த நுனி உள்ளே இழுபட்டு, தசையில் கொழுப்பு படிந்திருந்தது. தைத்தாலும் பிடிக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றே அவரை வற்புறுத்தி அழைத்துப் போயிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. விழுந்து முழுவதுமாகக் கிழிந்த ஜவ்வை முதல் சில வாரங்களிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்குள் தைத்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.

வயதாக ஆகத் தானாகவே நைந்து கிழிவது வேறு கதை. 60 வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு வலியே இல்லாமல் இப்படிக் கிழிசல் இருக்கும். அதனால் எம்ஆர்ஐ அறிக்கையில் 'கிழிசல்' என்ற சொல்லைப் பார்த்ததும் பதறி ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. அடிபடாமல் முழுக்கிழிசல் வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இரண்டு ஆண்டுகள்வரை ஆபரேஷன் தேவைப்படவில்லை. மூன்று மாதம் ஒழுங்காக பிசியோதெரபி செய்து பாருங்கள். 'ஒழுங்காக' என்றால் வாரம் ஒருமுறை போய்வருவதில்லை, வீட்டில் தினமும் செய்வது.

எலும்பு உரசுகிறது, கொஞ்சம் செதுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். அந்தச் செதுக்கல் ஆபரேஷனையும், உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடுவதையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தோள் இறுகிப்போகும் ஃபிரோசன் ஷோல்டரும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தளர்ந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், நாளும் பிடிக்கும்.

அடிக்கடி மூட்டு நழுவும் இளைஞர்கள் கட்டாயம் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். இருபதுகளில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவ வாய்ப்பு மிக அதிகம். 40 வயதுக்கு மேல் நழுவினால் ஜவ்வும் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஆபரேஷன்தான் என்று முடிவாகிவிட்டது. ஜவ்வுத் தையலுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரம் கை ஸ்லிங்கில், அதாவது கழுத்தில் மாட்டிய பட்டையில், இருக்கும். கார் ஓட்ட முடியாது, தலை வாரவும் உடை மாற்றவும் துணை வேண்டும். தானாகக் கையை உயர்த்தத் தொடங்குவதே சுமார் ஆறாவது வாரத்தில்தான். பலப்படுத்தும் பயிற்சி மூன்றாம் மாதத்தில் ஆரம்பிக்கும். பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப ஆறு மாதமாவது ஆகும். நான்கு வார விடுமுறை இதில் எங்கே பொருந்துகிறது என்று நீங்களே பாருங்கள். குறைந்தது எட்டு வாரமாவது தங்க முடியும், திரும்பிய பிறகு தொடர்ந்து பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்ட் சம்மதித்திருக்கிறார் என்றால் மட்டுமே நான் சரி என்பேன். அந்தச் சம்மதத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இன்னோர் ஊரில் செய்த ஆபரேஷனைத் தொடத் தயங்குகிறவர்கள் உண்டு.

ஆபரேஷனை அடுத்த சில வாரங்களில் நீண்ட விமானப் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். எந்தத் தேதியில் பறக்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள். பயணக் காப்பீடு பொதுவாகத் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தராது; அதனால் வரும் சிக்கலையும் ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள். வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. ஊசி போட்டு சில வாரங்களிலேயே ஆபரேஷன் செய்தால் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது.

திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. உள்ளே என்ன செய்தார்கள் என்று எழுதிய ஆபரேஷன் குறிப்பு, எம்ஆர்ஐ படங்கள் உள்ள சிடி, தைத்த ஜவ்வைப் பிடித்துவைக்க எலும்பில் பதித்த 'ஆங்கர்' என்ற சிறு பொருளின் பெயர் உள்ள ஸ்டிக்கர், எந்த வாரம் எந்தப் பயிற்சி என்ற அட்டவணை எல்லாவற்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், வேறு நாட்டில் உள்நோயாளியாக இருந்ததைச் சொல்லிவிடுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கலாம். தோளில் வரும் தொற்று சில சமயம் காய்ச்சலோ சீழோ இல்லாமல் மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி ஏறினால் அடுத்த விடுமுறைவரை பொறுத்திருக்காமல், இருக்கும் இடத்திலேயே உடனே காட்டுங்கள்.