"அறிந்தும் அறியாமலும்": பாவ அறிக்கையில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபம் எட்டரை மணிக்கு. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் ஆளுக்கொரு ஜெபம். எனக்கு ஒன்பது வயதிருக்கும். பெரியவர்கள் சொல்லிக் கேட்டுப் பழகிய வாக்கியத்தை நானும் கடகடவென்று ஒப்பித்தேன்: "ஆண்டவரே, இன்று அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை எல்லாம் மன்னியும்." பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஆச்சி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அறியாதத அவரு பாத்துக்கிடுவாரு. அறிஞ்சது எதுல? அதச் சொல்லு."

அறிந்தது ஒன்று இருந்தது. அலமாரியில் காணிக்கைக்கென்று ஒரு தகர உண்டியல். முந்தின நாள் அதைக் கவிழ்த்துக் குலுக்கி இரண்டு ரூபாய் எடுத்துக் கடலைமிட்டாய் வாங்கித் தின்றிருந்தேன். ஆச்சிக்கு அது தெரியுமா, சும்மா கேட்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வாக்கியத்தை நிம்மதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

நம் வீடுகளில் நடக்கிற முதல் தவறு இதுதான். அறிந்த பாவத்தை அறியாத பாவங்களோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கடவுள் முன் வைத்துவிடுகிறோம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நாமும் பிரித்துப் பார்ப்பதில்லை. "நான் பாவி ஆண்டவரே" என்று சொல்வதற்கு வெட்கம் வராது, எல்லாரும் பாவிகள்தானே. "இன்று மத்தியானம் ஆபீசில், செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னேன்" என்று சொல்லும்போதுதான் காது சூடாகிறது.

"நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது 1 யோவான் 1:9. இதில் 'அறிக்கையிட்டால்' என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் 'ஹோமோலொகெயோ'. பிரித்துப் பார்த்தால் 'ஒத்துச் சொல்வது' என்று பொருள். செய்த காரியத்துக்குக் கடவுள் என்ன பெயர் வைத்திருக்கிறாரோ, அதையே நம் வாயாலும் சொல்வது. அவர் 'திருட்டு' என்கிறதை நான் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று சொன்னால் அது அறிக்கை ஆகாது. கத்தோலிக்கர் இந்த விஷயத்தில் கறாரானவர்கள். நினைவுக்கு வருகிற சாவான பாவங்களை, அதாவது மிகக் கனமான பாவங்களை, ஒவ்வொன்றாகச் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்று 1551-இல் அவர்களுடைய திரெந்து சங்கம் என்ற பெரிய மாநாடு வரையறுத்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்ல, போகுமுன் பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வைத்து ஆத்தும சோதனை செய்யச் சொல்லிக்கொடுப்பதும் அதற்காகத்தான். சீர்திருத்தச் சபைக்காரர்கள் குருவானவரிடம் போய்ச் சொல்லும் கட்டாயத்தை விட்டார்கள், சரி. அதோடு சேர்த்து ஆத்தும சோதனையையும் விட்டுவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கை தவறு என்று சொல்லவில்லை. "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று மார்பில் தட்டிக்கொள்வதும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் சேர்த்தே ஒத்துக்கொள்கிற பழைய ஆராதனை முறையும் ஆழமானவை. அது ஒரு பாத்திரம், உள்ளே போட வேண்டியதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் அறிக்கைக்கு முன்னால் கொஞ்ச நேரம் மௌனம் விடுகிறார்கள். எங்கள் சபையில் அந்த மௌனம் முன்வரிசைத் தாத்தா ஒருமுறை இருமி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

'ஆனால்' என்ற சொல்

சவுலையும் தாவீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ராஜாக்கள். இரண்டு பேரிடமும் ஒரு தீர்க்கதரிசி வந்து குற்றத்தைச் சுட்டிக்காட்டுகிறார். இரண்டு பேரும் "நான் பாவஞ்செய்தேன்" என்றே சொல்கிறார்கள். சவுல் அதோடு நிறுத்தவில்லை. ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று காரணம் சேர்க்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "பாவஞ்செய்தேன்" என்கிறான், இந்த முறை மூப்பர்களுக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்ற வேண்டுகோளோடு (1 சாமுவேல் 15). நாலு பேர் முன்னால் மானம் போகக்கூடாது என்பதுதான் அவன் கவலை.

தாவீதின் குற்றம் சவுலுடையதை விடக் கொடியது என்றே படிக்கிற யாருக்கும் தோன்றும். ஒருவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் சாகவும் வைத்தான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து கேட்டபோது அவன் சொன்ன பதில் எபிரெயுவில் இரண்டே சொற்கள்: "கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்று கேட்கவில்லை. (அந்தக் கேள்வியை நம் பிரசங்கிகள் சிலர் இன்றும் கேட்டுக்கொண்டிருப்பது வேறு கதை.)

வீட்டில் இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். "நேத்து நான் கத்தினது தப்புதான், ஆனா நீ அப்படிப் பேசினதாலதான்" என்று மனைவியிடம் சொன்னால், 'ஆனா'வுக்கு முன்னால் இருப்பது அவள் காதில் விழவே விழாது.

ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, ஆளிடம்?

உண்டியல் விஷயம் பாட்டோடும் ஜெபத்தோடும் முடியவில்லை. மறுநாள் காலை ஆச்சி என்னைப் பக்கத்து வீட்டுக்குப் புளியில் கொட்டை எடுக்க அனுப்பினாள். இரண்டு சனிக்கிழமை போனேன். கிடைத்த கூலியில் இரண்டு ரூபாய் நாற்பது காசை உண்டியலில் போடச் சொன்னாள். நாற்பது காசு எதற்கு என்று வெகுகாலம் எனக்குப் புரியவில்லை. பெரியவனான பிறகு எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் வாசிக்கும்போதுதான் கண்ணில் பட்டது: குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனிடமே கொடுக்க வேண்டும். இரண்டு ரூபாயில் ஐந்தில் ஒன்று நாற்பது காசு. ஆச்சி கணக்கில் புலி. ஐந்தில் ஒன்றோடு நிற்காமல் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னவன் வரிவசூல்காரன் சகேயு. அவன் அதைச் சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார் இயேசு.

பணம் கொடுத்து மன்னிப்பு வாங்கலாம் என்பதல்ல இதன் அர்த்தம். இரட்சிப்பு இலவசம். ஆனால் தம்பி பங்கு நிலத்தில் ஒன்றரை சென்ட்டைத் தன் பக்கம் தள்ளி வேலி போட்டுவிட்டு, ஆண்டவரிடம் மட்டும் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறவர் வேலியை எப்போது நகர்த்துவார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து என்பது மத்தேயு 5:24. வரிசையைக் கவனியுங்கள்.

இதற்கு நம் காலம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி, வருடக்கடைசி ஆராதனைக்குக் கிளம்புமுன் போனில் வரிசையாக வந்து விழும்: "இந்த ஆண்டில் தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்." கீழே ஒரு புறாப் படம். ஒரே செய்தி, முந்நூறு பேருக்கு. ஒரு வருடம் அதை எனக்கு அனுப்பியவர், அந்த ஆண்டு நிஜமாகவே எனக்கு ஒரு கெடுதல் செய்தவர். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் புறாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் போட்டு, "அந்தக் காரியத்துல நான் உங்களுக்குச் செஞ்சது தப்பு" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு: பாரத்தை இறக்குகிறேன் என்று அடுத்தவர் தலையில் ஏற்றுவது. "அஞ்சு வருஷமா உங்க மேல எனக்கு வெறுப்பு, பொறாமை. ஆண்டவர் உணர்த்தினார், மன்னிச்சிடுங்க" என்று ஒருவர் வந்து சொன்னால், அதுவரை எதுவும் தெரியாமல் நிம்மதியாக இருந்தவருக்கு அன்று ராத்திரித் தூக்கம் போய்விடும். மனதுக்குள் மட்டும் இருந்த பாவத்தைக் கடவுளிடமும், தேவைப்பட்டால் வாய் திறக்காத ஒரு முதிர்ந்த விசுவாசியிடமும் சொன்னால் போதும் என்பது என் கருத்து. நாம் வெறுத்த அந்த ஆளுக்கு உண்மையில் தீங்கு நடந்திருந்தால் மட்டும் அவரிடம் போக வேண்டும்.

'வாய் திறக்காத' என்பதை அழுத்திச் சொல்கிறேன். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணச் சொல்கிறது யாக்கோபு 5:16. நம் கூட்டங்களில் அது நடக்காமல் போவதற்கு ஒரு காரணம், ஒருவர் நம்பிச் சொன்னது அடுத்த வாரம் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் ஊர் சுற்றுவது. "அந்தத் தம்பிக்காக ஜெபிச்சுக்கோங்க, விஷயம் என்னன்னு நான் சொல்லக்கூடாது" என்று தொடங்கிப் பாதியைச் சொல்லிவிடுவார்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியே சொல்லக்கூடாது என்று கத்தோலிக்கச் சபை வைத்திருக்கிற முத்திரையின் அருமை அப்போதுதான் தெரியும்.

திரும்பத் திரும்ப அதே பாவம், அதே அறிக்கை

அதே குற்றத்தில் மறுபடி விழுந்து மறுபடி வருவது ஒன்று. எத்தனை தரம் மன்னிப்பது என்ற கேள்விக்கு இயேசு சொன்னபடி, அதற்கு ஏழெழுபதுதரம் கதவு திறந்திருக்கிறது. நான் சொல்வது வேறு: எப்போதோ செய்து, அறிக்கையிட்டு, விட்டும்விட்ட ஒரு பாவத்தை இருபது வருடமாகத் தினமும் தோண்டி எடுத்து, "நிஜமா மன்னிச்சீரா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர், துறவியாக இருந்த காலத்தில் அப்படித்தான் இருந்தார். மணிக்கணக்கில் அறிக்கையிடுவார், எழுந்து போனபின் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வரும், திரும்பி வருவார். நிம்மதி என்ற உணர்ச்சி வந்தால்தான் மன்னிப்பு வந்ததாக நினைத்தால் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்வோம். 1 யோவான் 1:9 நம் மனநிலையைப் பற்றிப் பேசவில்லை, அவர் உண்மையுள்ளவர் என்பதைப் பற்றிப் பேசுகிறது. இந்தத் தோண்டல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போனால், போதகரோடு சேர்த்து மனநல மருத்துவரையும் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல.

நோயாளியின் கட்டிலருகே நின்று, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்பவர்களுக்கு யோவான் 9:3 போதும்: பிறவிக்குருடனைக் குறித்து, அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்கிறார் இயேசு. அதை வாசித்துவிட்டு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு வரலாம்.

அடி வாங்கிய பெண்ணை உட்காரவைத்து, "மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா, ஏழெழுபதுதரம்னு இருக்குல்ல" என்று கட்டாயப்படுத்துவதும் இந்தத் தவறுகளில் சேர்த்திதான், கொடுமையானதும்கூட. மன்னிப்பது என்றால் போலீசுக்குப் போகாமலிருப்பது என்றோ, மறுபடி அதே வீட்டுக்குள் போவது என்றோ அர்த்தமில்லை. "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று தாவீதிடம் சொன்ன அதே நாத்தான், அதன் விளைவுகளையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பந்திக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள்

எங்கள் பக்கத்து ஆலயங்களில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறன்று கவனித்தால் தெரியும். வரிசை வரிசையாக எழுந்து பலிபீடத்துக்குப் போகும்போது சிலர் மட்டும் பெஞ்சிலேயே இருப்பார்கள். "மனசு சரியில்ல ஐயா, அபாத்திரமா, தகுதியில்லாம, வாங்கக் கூடாதுல்ல." பாதிப் பேருக்கு அண்ணன் தம்பிச் சண்டை, மீதிப் பேருக்குச் சபைத் தேர்தல் சண்டை. ஒரு மாதம் ஒரு வருடமாகி, பிறகு அதுவே பழக்கமாகிவிடும். பவுல் 1 கொரிந்தியர் 11:28-இல் எழுதியது, ஒருவன் தன்னைச் சோதித்தறிந்து, புசிக்க வேண்டும் என்று. சோதித்தறிந்து, உட்கார்ந்திரு என்று எழுதவில்லை. வராமலிருப்பதைப் பக்தியாக நினைக்கிறோம், அது பெரும்பாலும் போய்ப் பேசுவதைத் தள்ளிப்போடும் வழியாகவே இருக்கிறது.

என் அத்தையும் அவளுடைய மதினியும் அப்படி ஆறு வருடம் பேசாமலிருந்தார்கள். ஒரு நகை விஷயம், தப்பு அத்தை பக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் திருவிருந்து, அத்தை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மதினி வீட்டு வாசலில் போய் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பேச்சில் பாதிதான் வெளியே வந்தது. "மதினி, அந்தச் செயின் விஷயத்துல நான் பொய் சொன்னேன்" என்றாள். அதற்குமேல் குரல் எழும்பவில்லை.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வருகிற இளைய குமாரனும் அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்தான். "கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்ற கடைசி வரியை அவன் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. அதற்குள் அப்பா வஸ்திரம் கொண்டுவா, மோதிரம் போடு, கன்றை அடி என்று வேலைக்காரர்களை ஏவ ஆரம்பித்துவிட்டார். அந்த அதிகாரத்தில் "உன்னை மன்னித்தேன்" என்று அவர் ஒரு இடத்திலும் சொல்வதில்லை.

மதினி கதவு நிலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். "பரவாயில்ல" என்று சொல்லவில்லை. அது பரவாயில்லாத காரியமும் இல்லை. "ஆமா, பொய்தான் சொன்ன" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "எலே, உங்க அத்தைய உள்ள கூட்டிட்டு வா. சாளக் கொழம்பு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றாள்.