சபைப் பிதாக்கள் "ஆவியால் அருளப்பட்டது" என்று எழுதினால்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதித் திருச்சபையின் எழுத்தாளர்களைத் தேடி வாசிப்பது நல்ல பழக்கம். ஆனால் அவர்களில் ஒருவர் ஒரு நூலை "ஆவியால் அருளப்பட்டது" என்று சொல்லிவிட்டால், "அப்படியானால் அதையும் வேதாகமத்தில் சேர்த்திருக்கிறார்" என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

ரோமாபுரியிலிருந்து கொரிந்து சபைக்குப் போன, ரோம சபைத் தலைவர் கிளெமெந்துவின் கடிதத்தைப் பாருங்கள். ஏறத்தாழ கி.பி. 96-ல் எழுதப்பட்டது. சபைச் சண்டையை நிறுத்தச் சொல்லி நீளமாகப் புத்தி சொல்லிவிட்டு, பரிசுத்த ஆவியின் மூலம் நாங்கள் எழுதியவற்றுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறது. தன் கடிதத்தையே அப்படிச் சொல்கிறது! ஆனால் "எழுதியிருக்கிறதே" என்று ஆதாரம் காட்ட வேண்டிய இடங்களில் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டுக்குத்தான் போகிறது. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி, தன் அண்ணன் பாசில் படைப்பின் ஆறு நாட்களைப் பற்றித் தந்த விளக்கத்தை, வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று சொல்லும் 2 தீமோத்தேயு 3:16-ல் வருகிற அதே கிரேக்கச் சொல்லால் புகழ்கிறார். பாசிலை ஐந்தாம் சுவிசேஷகராக்க அவர் நினைக்கவில்லை.

ஆவியானவர் சபையில் இன்னும் பேசுகிறார் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. ஆனால் ஒரு நூலை வேதாகமத்தில் ஏற்கவும் தள்ளவும் அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு: அப்போஸ்தலர் காலத்ததா, சபைகள் எல்லாம் வாசிக்கின்றனவா, போதனை ஒத்துப்போகிறதா? ஆதிச் சபைகளில் பலர் விரும்பி வாசித்த 'ஹெர்மாவின் மேய்ப்பன்' நூலைப் பற்றி, புதிய ஏற்பாட்டு நூல்களின் பழைய பட்டியலான முராத்தோரி பட்டியல் சொல்வதைக் கவனியுங்கள். அது நம் காலத்தில் சமீபத்தில் எழுதப்பட்டது, தனியாக வாசிக்கலாம், சபையில் தீர்க்கதரிசிகளோடும் அப்போஸ்தலரோடும் சேர்த்து வாசிக்கக் கூடாது என்கிறது. அதில் ஆவி இல்லை என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்புறம், உவமையைக் கோட்பாடாக்குவது. புல்லாங்குழலை ஊதுகிறவனைப் போல ஆவியானவர் தீர்க்கதரிசிகளைப் பயன்படுத்தினார் என்று இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அத்தேனகோரஸ் எழுதியது உண்மை. அதை மட்டும் வைத்து, "எல்லாப் பிதாக்களும் சொல்லுக்குச் சொல் கட்டளையிட்டு எழுதவைக்கப்பட்டது என்றே நம்பினார்கள்" என்பது அநியாயம். எழுதிய மனிதரின் பங்கையும் அவர்கள் பார்த்தார்கள்: எபிரெயர் நிருபத்தின் கருத்து அப்போஸ்தலர் பவுலுடையது, நடை வேறொருவருடையது, எழுதியவர் யார் என்பதைக் கடவுளே அறிவார் என்று மூன்றாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிஜன் சொல்லியிருக்கிறார்.

ஓரிஜன் விஷயத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. வேதம் ஆவியால் அருளப்பட்டது என்று நம்பினார் என்றால் எல்லாவற்றையும் எழுத்தின்படியே எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். சூரியனும் சந்திரனும் இல்லாமல் படைப்பின் முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்தன என்று கேட்டவரே அவர்தான். அவருக்கு அது வேதத்தின் குறை அல்ல. ஆழமான பொருளைத் தேட வைப்பதற்காக ஆவியானவரே போட்டுவைத்த இடறல்.

கடைசியாக, எல்லாரையும் ஒரே காலத்தவராக வாசிப்பது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் 367-ல் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களைப் பட்டியலிட்டார். அதற்குப் பிறகு, வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஆயர் அகஸ்டின், நியமன நூல்களில் (சபை வேதாகமமாக ஏற்ற நூல்களில்) ஏதாவது முரண்பாடாகத் தெரிந்தால் பிரதி பிழையாக இருக்கும், இல்லை மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்கவில்லை, அதுவும் இல்லையென்றால் எனக்குப் புரியவில்லை என்கிறார். மற்றவர்கள் எவ்வளவு பரிசுத்தவான்களாக இருந்தாலும் அவர்கள் எழுத்தை இப்படி வாசிப்பதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். இவ்வளவு தெளிவான கோடு கிளெமெந்துவின் நாளில் போடப்பட்டிருக்கவில்லை. அகஸ்டின் போட்ட கோட்டைக் கிளெமெந்துவின் கடிதத்தில் தேடக் கூடாது.