ஹெட்போன் ஆம்ப்ளிஃபயருக்கும் டிஏசிக்கும் அடாப்டர் தேர்ந்தெடுக்கும் முறை

மேசை மீது வைத்துக் கேட்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் அல்லது டிஏசி (கணினியின் டிஜிட்டல் ஒலியை அனலாக் மின்னலையாக மாற்றும் கருவி) ஒன்றின் அடாப்டர் பழுதானால், வீட்டில் கிடக்கும் பழைய அடாப்டர்களுள் பின் பொருந்துவதை எடுத்துச் செருகுவதே பலரின் வழக்கம். நானும் அவ்வாறே செய்து ஒரு நல்ல ஹெட்போனை இழக்கவிருந்தேன் என்பதால், முதல் படியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: ஏசியா, டிசியா?

ஆம்ப்ளிஃபயரின் பின்புறம், மின் சாக்கெட்டின் அருகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் எண்ணை அடுத்து அலைபோல் வளைந்த கோடு இருந்தால் ஏசி, அதாவது திசை மாறிமாறிப் பாயும் மின்சாரம். நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளும் இருந்தால் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம். என்னுடையதில் 16 வோல்ட்டும் அலைக்கோடும் இருந்தன. எண்ணை மட்டும் பார்த்து, பழைய பிரிண்டரின் 16 வோல்ட் டிசி அடாப்டரைச் செருகினேன். விளக்கு எரிந்தது, ஹெட்போனில் ‘டப்’ என்று ஓர் ஓசை கேட்டது, அதன் பிறகு பாட்டு கரகரத்தது. உடனே ஹெட்போனைக் கழற்றிவிட்டு அது செருகியிருந்த வெளியீட்டை மல்டிமீட்டரில் அளந்தபோது, சில மில்லிவோல்ட் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட் டிசி நின்றது.

இசையின் மின்னலை சுழியத்துக்கு மேலும் கீழும் அசைவதால், இத்தகைய ஆம்ப்ளிஃபயருக்கு நேர் மின்னழுத்தம், எதிர் மின்னழுத்தம் இரண்டும் தேவை. 2011இல் வெளியான ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் போன்ற வடிவமைப்புகளில், ஏசி அலையின் மேல்பாதியை ஒரு டையோடும் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) கீழ்ப்பாதியை மற்றொரு டையோடும் பிரித்தெடுத்து இவ்விரண்டையும் உருவாக்குகின்றன. டிசியில் கீழ்ப்பாதியே கிடையாது. ஆகவே எதிர்ப்பக்கம் வெறுமையாகவே நின்றுவிடும்.

படி 2: வோல்ட், ஆம்பியர்

வோல்ட் குறிப்பிட்ட அளவிலேயே இருக்கட்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் வகை 16 வோல்ட் அடாப்டர், எதனுடனும் இணைக்காமல் அளக்கும்போது 18 அல்லது 19 வோல்ட் காட்டினால் அஞ்ச வேண்டாம், அது இயல்பு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் என்றால், அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானதா என்று கட்டாயம் பாருங்கள். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அது கருகிவிடும்.

படி 3: பின்

வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்பது பொதுவானது, உள்துளை 2.1, 2.5 என இருவகைப்படும். 2.1 துளையுள்ள பின், 2.5 சாக்கெட்டில் நுழையாது. ஆனால் 2.5 துளையுள்ள பின் 2.1 சாக்கெட்டில் தளர்வாக நுழைந்து, மேசை அசையும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டு வரும். டிசி என்றால் நடுமுனை நேர்முனையா என்பதையும் + − குறிகளுடன் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியில் சரிபாருங்கள். ஏசிக்கு அந்தக் கவலை இல்லை.

டிஏசியைவிட விலை கூடிய லீனியர் பவர் சப்ளையை (இரைச்சல் குறைவு என்று விற்கப்படும் டிரான்ஸ்ஃபார்மர் வகை மின்வழங்கி) வாங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. இரைச்சல் வந்தால், முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் மறைந்தால் குற்றம் டிஏசியின் அடாப்டரில் இல்லை. யூஎஸ்பி வழியாக வரும் எர்த் இணைப்பில் இருக்கிறது.

பிற்சேர்க்கை: ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியைத் தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிகிறது என்று வாசகர் இருவர் எழுதியிருந்தனர். இரண்டு முள் கொண்ட எஸ்எம்பிஎஸ் அடாப்டர்களில் (மடிக்கணினி, செல்பேசி சார்ஜர்களைப் போன்ற எடை குறைந்த வகை), மின்சாரப் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியே கசியும் மின்னோட்டம் இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். வெளியீட்டுப் பக்கம் எர்த்துடன் இணைந்த மூன்று முள் அடாப்டருக்கு மாறினால் அதிர்வு நிற்கும். ஆனால் கணினியும் எர்த் செய்யப்பட்டிருந்தால் புதிதாக ‘ம்ம்’ என்ற ஓசை தொடங்கக்கூடும். அப்போது இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள்.