போட்டோவில் மயில் கழுத்து, கையில் ஈயக்குண்டு: டஹிட்டி முத்தை ஆன்லைனில் பார்த்து வாங்குவது எப்படி

போன வருடம் துளி வடிவ டஹிட்டி முத்து ஒன்றை, அதாவது பசிபிக் கடலில் டஹிட்டித் தீவு இருக்கும் பிரெஞ்சு பாலினேசியாவில் வளர்க்கும் கறுப்பு முத்து ஒன்றை, ஆன்லைனில் வாங்கினேன். விற்றவர் போட்ட படத்தில் அது மயில் கழுத்து நிறம், நடுவில் கத்தரிப்பூ ஊதா, விளிம்பில் பச்சை, அப்படியே தகதகவென்று இருந்தது. பார்சல் வந்தது மாலை ஏழு மணிக்கு. ஆசையாகப் பிரித்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளங்கையில் கிடந்தது ஒரு ஈயக்குண்டு. திருப்பி அனுப்புகிறேன் என்று மெசேஜ் கூட எழுதிவிட்டேன், அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் ஓரம் கொண்டுபோனதும் பச்சை மெல்ல எழுந்து வந்தது. படத்தில் இருந்த அளவுக்கு இல்லைதான், ஆனால் இருந்தது, அதோடு எந்தப் படத்திலும் தெரியாத ஒரு ஆழமும் இருந்தது. அந்த முத்து இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வாங்கியதிலும், வாங்காமல் விட்டதிலும் கற்றுக்கொண்டது இதுதான். படம் நிறத்திலும் அளவிலும்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது, ஒளியில், அதாவது முத்தின் பளபளப்பில், அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. ஆனால் நாம் எல்லோரும் நிறத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறோம்.

எனவே ஒளியிலிருந்து தொடங்குங்கள். நம் நகை வியாபாரிகள் கல்லுக்கும் முத்துக்கும் நீரோட்டம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்து அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. முத்து என்பது ஒரு வளைந்த கண்ணாடி, எதிரே இருப்பதெல்லாம் அதில் தெரியும். படத்தைப் பெரிதாக்கி, முத்தின் மேல் விழுந்திருக்கும் வெள்ளைப் பொட்டைப் பாருங்கள். அது ஜன்னலாகவோ விளக்காகவோ இருக்கும். அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் நீரோட்டம் நல்லது. ஓரம் கரைந்து, பால் சிந்தியதுபோல் பரவியிருந்தால் சுமார்தான். நல்ல முத்தில் படம் எடுத்தவரின் கையும் போனும்கூடக் குட்டியாகத் தெரியும். என்ன எடிட் செய்தாலும், மங்கிய முத்தில் அந்தப் பிம்பத்தை வரவழைப்பது கடினம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில கடைக்காரர்கள் வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் வைத்துப் படம் எடுப்பார்கள், நகைப் படங்களுக்கு அது வழக்கமான முறை. நாலாபுறமும் பரவிய வெளிச்சத்தில் பிம்பமே விழாது, அருமையான முத்துகூடச் சாட்டின் துணி மாதிரி மொழுமொழுவென்றுதான் தெரியும். அந்த மாதிரிப் படத்தை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. வேறு படம் கேளுங்கள்.

அடுத்து நிறம். டஹிட்டி முத்தில் இரண்டு நிறங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று அடி நிறம், வெளிர் சாம்பலிலிருந்து கரி வரை எதுவாகவும் இருக்கலாம். கறுப்பு முத்து என்று பெயர் இருந்தாலும் முழுக் கறுப்பு அபூர்வம், பெரும்பாலானவை சாம்பல்தான். இன்னொன்று அதன் மேல் மிதக்கும் நிறம். வியாபாரத்தில் ஓவர்டோன் என்பார்கள். பச்சை, நீலம், கத்தரி, இளஞ்சிவப்பு, வெள்ளி என்று வரும், பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து வந்தால் பீகாக். இந்த மேல்நிறம் சாயம் மாதிரி உள்ளே ஊறிய பொருள் இல்லை. சிப்பி அடுக்கடுக்காகப் போர்த்தும் மெல்லிய பூச்சில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாவது. அதனால்தான் வெளிச்சம் மாறினால், கோணம் மாறினால், நிறமும் மாறுகிறது. மஞ்சள் பல்பின் கீழ் பச்சை செத்துப்போகும். மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில் எல்லாம் வெளியே வரும்.

இப்போது கேமரா என்ன செய்கிறது என்று பாருங்கள். அதே முத்தை வெள்ளைக் காகிதத்தில் வைத்தால், வெள்ளை அதிகமாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், முத்து நிஜத்தைவிடக் கறுப்பாக விழும். கறுப்பு வெல்வெட்டில் வைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், முத்து வெளிறும், மேல்நிறம் பளீரென்று எழும். யாரும் எதையும் எடிட் செய்யாமலே ஒரே முத்து இரண்டு முத்து ஆகிவிடும். அதற்கு மேல் நிறத்தைக் கூட்டி எடிட் செய்பவர்களும் உண்டு. அதைப் பிடிக்க, முத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். விரல் இருந்தால் தோல் ஆரஞ்சு அடிக்கிறதா? வெள்ளைக் காகிதம் நீலம் பூத்திருக்கிறதா? தங்கக் கொக்கி மஞ்சள் பெயின்ட் மாதிரி இருக்கிறதா? சுற்றியிருப்பது பொய் என்றால் முத்தின் நிறமும் பொய்தான். உங்கள் போனையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை வசதியை அணைத்துவிட்டு, அதே படத்தை இன்னொரு திரையிலும் பாருங்கள். என் போனில் பீகாக்காகத் தெரிந்த ஒரு ஜோடித் தோடு, வீட்டு லேப்டாப்பில் வெறும் பச்சைச் சாம்பலாக இருந்தது.

அளவு விஷயத்தில் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவார்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் 8 மி.மீ. முத்தும் கோலிக்குண்டு மாதிரிதான் நிற்கும். டஹிட்டி முத்துகள் பெரும்பாலும் 8 முதல் 14 மி.மீ. வரை, அதற்கு மேல் போகப்போக அரிது, விலையும் ஏறும். மில்லிமீட்டர் கணக்கு கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், ஆனால் உருண்டையில் 12 என்பது 8-ஐவிடக் கனஅளவில் மூன்று மடங்குக்கும் மேல். நான் செய்வது இதுதான். ஸ்கேல் வைத்து அட்டையில் அந்த அளவு வட்டம் வரைந்து வெட்டி, கண்ணாடி முன் நின்று காதில் வைத்துப் பார்ப்பேன். ஒரு நிமிட வேலை. மாலை என்றால் 9-11 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். பின்கழுத்துப் பக்கம் 9-இல் தொடங்கி நடுவில் 11-க்கு வரும் என்று அதற்குப் பொருள், எல்லாம் 11 என்று நினைத்துவிடாதீர்கள்.

வடிவத்துக்குப் பக்கவாட்டுப் படம் இருந்தால் போதும். முன்னாலிருந்து பார்த்தால், ஒரு பக்கம் தட்டையான பட்டன் வடிவமும் உருண்டையாகத்தான் தெரியும். தோட்டுக்கு அது ஒரு குறையே இல்லை, காதில் படிந்து நிற்கும். ஆனால் உருண்டைக்கான விலையைக் கொடுத்துவிடக் கூடாது. உடம்பைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு ஓடும் முத்துகளும் உண்டு. பலர் அதைப் பழுது என்று ஒதுக்குவார்கள், எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு நிறம் இருக்கும், விலையும் குறைவு. ஆணிமுத்து என்றால் வெள்ளை, உருண்டை, மாசில்லாதது என்றே நம் கண் பழகியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வேறு வகை, டஹிட்டிச் சிப்பியைவிடச் சிறியது, அதன் முத்துக்கு அந்தக் கணக்கு சரி. டஹிட்டி முத்தைத் தரும் கருவிளிம்புச் சிப்பியின் முத்தை அதே கணக்கில் பார்த்தால் நல்லதையெல்லாம் தவறவிடுவோம்.

மேற்பரப்பில் படம் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். பத்து மடங்கு பெரிதாக்கிய படத்தில் பூதமாகத் தெரியும் ஊசிக்குத்துப் புள்ளி, கை தூரத்தில் கண்ணுக்கே தெரியாது, அதற்குப் பயந்து நல்ல நீரோட்டத்தை விட்டுவிடாதீர்கள். மறுபக்கம், நாலு படத்திலும் ஒரே முகத்தையே காட்டினால் பழுது பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதித்த மோதிரத்தில் மோசமான பக்கத்தை அடியில் வைத்துவிடுவார்கள். அது தொழில் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் கோர்க்காத தனி முத்தை விற்கும்போது முழுதாகக் காட்டத்தான் வேண்டும்.

சரி, சாய முத்து. எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் இது. நன்னீர் முத்தையோ, ஜப்பானின் சின்னக் கடல் முத்தான அகோயாவையோ சில்வர் நைட்ரேட் போன்ற ரசாயனங்களால் கறுப்பாக்கி விற்பது பழைய வேலை. சாயம் போட்டது என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை, அழகாகவும் இருக்கும். “டஹிட்டி ஸ்டைல்”, “டஹிட்டி கலர்”, “பீகாக் பிளாக் பேர்ல்” என்று பெயரை மட்டும் ஒட்டி விற்பதுதான் பிரச்சினை. ஷெல் பேர்ல் என்பது முத்தே இல்லை, சிப்பி ஓட்டிலிருந்து செய்த உருண்டைக்கு மேல் பூச்சு. படத்திலேயே பிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. 16 அங்குல மாலையில் 10 மி.மீ. முத்து என்றால் ஏறத்தாழ 40 வரும். அந்த நாற்பதும் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே நிறமாக இருந்து, விலையும் மலிவாக இருந்தால் நம்பாதீர்கள். நிஜ டஹிட்டியில் பொருத்திக் கோர்த்த மாலையிலும் ஒன்று கொஞ்சம் பச்சை, ஒன்று கொஞ்சம் நீலம் என்று இருக்கும். ஒரே நிறமாகப் பொருத்தவும் முடியும், ஆனால் அதற்கு எக்கச்சக்க முத்துகளைக் கொட்டிப் பொறுக்க வேண்டும், விலை எங்கேயோ போய்விடும். 6 மி.மீ. உருண்டைக் கறுப்பு முத்து வரிசையாக வந்தால் அதுவும் சந்தேகத்துக்கு உரியது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் மாதிரி உலோகப் பளபளப்பில் நீலம், ஊதா அடித்தாலும் அப்படித்தான்.

தரக் குறியீட்டை நம்பி வாங்காதீர்கள், உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு அளவுகோல் முத்துக்குக் கிடையாது. பிரெஞ்சு பாலினேசியாவில் ஏ முதல் டி வரை போடுவார்கள், அங்கே ஏ என்பது உயர்ந்தது. மற்ற பல கடைகளில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று போகும், அங்கே ஏ என்பது கடைசி. இரண்டு பேரும் “ஏ கிரேட்” என்பார்கள், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள். எந்த முறை என்று கேளுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியதை ஒரே மெசேஜில் கேட்டுவிடுவது நல்லது. நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “பகலில், ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாமல், உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றி 15 வினாடி வீடியோ அனுப்ப முடியுமா? பழுதுள்ள பக்கமும் துளையும் தெரியட்டும். இயற்கை நிறம்தானா, ஏதாவது ட்ரீட்மென்ட் உண்டா? படத்தில் இருக்கும் இதே முத்துதான் வருமா, இதே போன்ற வேறொன்றா? பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம்?” நல்ல வியாபாரிகள் அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுகிறார்கள். வீடியோ ஏன் என்றால், முத்து சுழலும்போது விளக்கின் பிம்பம் இருந்த இடத்திலேயே நிற்கும், பழுதும் நிறப்பட்டையும் அதைக் கடந்து போகும், அப்போது எல்லாம் தெரிந்துவிடும். ஒருவர் வீடியோவுக்குப் பதில் அதே படத்தை வேறு அளவில் மூன்று முறை அனுப்பினார். நான் வாங்கவில்லை.

பார்சல் வந்த பிறகு முதல் விதி, இரவில் முடிவு எடுக்காதீர்கள். மறுநாள் காலை ஜன்னலருகே, முதலில் வெள்ளைக் காகிதத்தில், பிறகு உங்கள் தோலின் மேல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு நேரே பிடித்து உங்கள் முகம் தெரிகிறதா, ஜன்னல் கம்பி எண்ண முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் சமையலறை வெளிச்சம், ஹால் வெளிச்சம், எங்கே போட்டுக்கொண்டு போவீர்களோ அந்த வெளிச்சம். கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கில் மேல்நிறம் பாதி போய்விடும், நீரோட்டம் மட்டும் நிற்கும். நிறமா ஒளியா என்று வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒளிக்குக் காசு கொடுப்பது இதனால்தான். உருண்டை என்று சொல்லி விற்றதைக் கண்ணாடிப் பலகையில் மெல்ல உருட்டுங்கள், தள்ளாடினால் தெரிந்துவிடும்.

துளையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். டஹிட்டி முத்துக்குள் இருப்பது அமெரிக்க நன்னீர் மட்டியின் ஓட்டில் கடைந்த வெள்ளை மணி. சிப்பி அதன் மேல் ஒன்றரை, இரண்டு வருடம் பூச்சைப் போர்த்துகிறது. எனவே வெளியே கருமையான அடுக்கு, உள்ளே வெளிறிய மணி, இடையே ஒரு கோடு தெரிய வேண்டும். பிரெஞ்சு பாலினேசியாவில் ஏற்றுமதிக்குக் குறைந்தது 0.8 மி.மீ. பூச்சு என்ற விதி நெடுங்காலம் இருந்தது, அந்த அடுக்கைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். துளை விளிம்பில் சாயம் திட்டாகத் தேங்கியிருந்தாலோ, பெயின்ட் மாதிரி உரிந்திருந்தாலோ உடனே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். பல்லில் லேசாக உரசினால் நறநறவென்று இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கண்ணாடி, பிளாஸ்டிக் போலிகளைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். சாயம் போட்ட நன்னீர் முத்தும் நறநறக்கும். அதிக விலை கொடுத்திருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்றே வழி. கருவிளிம்புச் சிப்பியின் இயற்கை நிறத்துக்கு ஒளிப் பகுப்பாய்வில் 700 நானோமீட்டர் அருகே ஒரு தனி அடையாளம் உண்டு, அதை வீட்டில் பார்க்க முடியாது.

துளையில்லாத முத்து வாங்கியிருந்தால், திருப்பும் கெடு முடியும் முன் ஆசாரியிடம் கொடுத்துவிடாதீர்கள், துளைத்த முத்தை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். கொடுக்கும்போது எந்தப் பக்கம் துளைக்க வேண்டும் என்று நீங்களே ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். ஊசிக்குத்துப் பழுது இருந்தால் அந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், தொங்கலின் மூடி அதை மறைத்துவிடும். என் துளி முத்துக்கு அப்படித்தான் செய்தேன், ஒரே ஒரு குழி இருந்தது, இப்போது அது தங்க மூடிக்குள்ளே இருக்கிறது.