சிரிக்க வைக்கும் சைபர்பங்க் கதையை எழுதுவது எப்படி?

தொழில்நுட்பம் உச்சத்திலும் சாமானியரின் வாழ்க்கை அடிமட்டத்திலும் இருக்கும் எதிர்கால உலகைக் காட்டும் அறிவியல் புனைகதை வகையே சைபர்பங்க். இத்தகைய கதைகளில் நகைச்சுவையைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் பலரும் முதலில் அந்த உலகத்தின் இருளைக் குறைத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. எதற்கெடுத்தாலும் விலை வைத்திருக்கும் ஒரு சமூகம் தன் விதிகளை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடிக்கும்போது சிரிப்பு தானாகவே பிறக்கும். இவ்வகைக் கதைகளின் ஈர்ப்பே அதுதான்.

தொடக்கத்துக்கு ஓர் அற்பமான அன்றாடக் காரியமே போதும். நீல் ஸ்டீபன்சனின் ‘ஸ்னோ க்ராஷ்’ (1992) பீட்சா விநியோகத்தில் தொடங்குகிறது. அரசாங்கம் சுருங்கிப்போன அமெரிக்காவில் அந்த வணிகம் மாஃபியாவின் கையில் இருக்கிறது. 30 நிமிடங்களுக்குள் பீட்சா வந்து சேராவிட்டால் மாஃபியாத் தலைவரே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பார். மறுநாள் ஹெலிகாப்டரில் வந்திறங்கி நேரிலும் கேட்பார். தாமதித்த ஊழியரின் கதி என்ன என்பதை வாசகரே ஊகித்துக்கொள்வார்.

அடுத்து, பொருள்களுக்கு வாயும் உரிமையும் கொடுங்கள். சைபர்பங்க் என்ற பெயரே பிறக்காத 1969-இல் பிலிப் கே. டிக் எழுதிய ‘யூபிக்’ நாவலில், வீட்டுக் கதவு திறப்பதற்கு ஐந்து சென்ட் கேட்கிறது. கையில் காசில்லாத ஜோ சிப், தான் கொடுப்பது வெறும் அன்பளிப்புதான், கட்டணமல்ல என்று வாதாடுகிறார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கும்படி கதவு சொல்கிறது. பார்த்தால் நியாயம் கதவின் பக்கம் இருக்கிறது. அவர் கத்தியால் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியதும், வழக்குத் தொடுப்பேன் என்கிறது கதவு. நான் மிகவும் நேசிக்கும் காட்சி இது. கதவு ஓரிடத்திலும் வேடிக்கையாகப் பேச முயல்வதில்லை; ஜோவின் வறுமையும் பொய்யில்லை. இவ்விரண்டில் ஒன்று தளர்ந்தாலும் காட்சி சரிந்துவிடும்.

தமிழில் எழுதும்போது உங்கள் இயந்திரங்களுக்கு, வங்கிக் குறுஞ்செய்தியிலும் அலுவலக அறிவிப்பிலும் நாம் அன்றாடம் காணும் பணிவான, விட்டுக்கொடுக்காத நடையையே கொடுங்கள். அதற்கு நேரெதிரான வழியும் உண்டு: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில், சர்வாதிகாரத்தின் நடுவே புத்தகம் படித்து வாதம் புரியும் ஜீனோ என்ற இயந்திர நாயின் குறும்பு வாசகருக்கு மூச்சுவிட இடம் தருகிறது.

திருத்தும்போது, பாத்திரங்கள் தம் பேச்சுக்குத் தாமே சிரிக்கும் இடங்களை நீக்கிவிடுங்கள். பிறகு நாயகன் செலுத்தும் கட்டணத்தைப் பாருங்கள். அதனால் அவனுக்கு இரவுச் சாப்பாடாவது பறிபோகவில்லை என்றால், தொகையை உயர்த்துங்கள்.